ஒரே கட்டத்துல பாருங்க

அத்தியாயம் 11

போன வாரம் பெரியவள் ஒரு தாளைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாளே, அது இன்னும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆறு நாளில் நாலு சட்டை மாற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் டெஸ்டர், பேனா, தாள் என்று மூன்றையும் மறக்காமல் அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறார்.

'பெரியவள் நல்லதுக்குத்தானே செய்தாள், அவளை ஏன் வில்லி மாதிரி எழுதுகிறீர்கள்?' என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். நான் அவளை வில்லி என்று எப்போது சொன்னேன்? பொறாமைக்காரி என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்று என்றால் நம்மில் பாதிப் பேர் வெளியே தலைகாட்ட முடியாது. என்னையும் சேர்த்துத்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அம்மா ஒரு தையல் கடையில் சட்டைக்கு இவ்வளவு என்று பட்டன் தைக்கிறாள். பெரியவளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கல்விக் கடன் அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுண்டர் அவளுடையது. மாப்பிள்ளைக்கு இந்த வாரம் வேலை இல்லை, அவரை விட்டுவிடுவோம். சின்னவளுக்குப் பதினெட்டு. புவியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது.

கடன் கிடைத்தால்தான் அவள் படிக்க முடியும். பெரியவள் ஜாமீன் போட்டால்தான் கடன் கிடைக்கும். மாதா மாதம் சம்பளச் சீட்டு என்று ஒன்றைக் கையில் வாங்குகிறவள் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். கடன் அனுமதியைக் காட்டிக் கல்லூரியில் இடத்தை உறுதி செய்ய இன்று மாலை நாலு மணி கடைசி.

இந்த நேரத்தில்தான் அந்தத் தாள் வந்தது. அலுவலக முத்திரை அச்சடித்த தாளில், பெரியவளின் முத்து முத்தான கையெழுத்தில், மூன்றே வரி. புவியியல் படித்தால் மாதச் சம்பளம் இருபத்திரண்டாயிரம். அக்கவுண்ட்ஸ் படித்தால் நாற்பத்தைந்தாயிரம். கீழே, கடன் தவணை மாதம் ஏழாயிரம், பத்து வருடம்.

இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன யோசிப்பார், சொல்லுங்கள்.

*

காலை ஏழே முக்காலுக்குப் பெரியவள் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஃபிரிட்ஜ் செத்துப்போன மூன்று ஃபிரிட்ஜுகளிலிருந்து அவர் ஒட்டுப்போட்டு எழுப்பியது. உடம்பு நீலம், கதவு வெள்ளை, கைப்பிடி வேறொன்று. அந்த வெள்ளைக் கதவில்தான் சின்னவளுக்கு வந்த கல்லூரிக் கடிதம் ஒரு மாதமாகக் காந்தத்தில் தொங்குகிறது. தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொரு தடவையும் அப்பா அதை ஒருமுறை படிப்பார். மனப்பாடமே ஆகியிருக்கும்.

பெரியவளுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தது. அது கதவில் ஏறவில்லை. பத்திரமாகப் பீரோவுக்குள் போனது. பத்திரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பீரோவுக்குள் இருப்பதை யார் தினமும் படிக்கப் போகிறார்கள்?

"வாங்க ஆடிட்டரம்மா," என்றார் அப்பா. "உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு மணிக்கு ஒரு கடையில ஐஸ் பொட்டி வேலை. அதை முடிச்சுட்டு நேரா காலேஜுக்குப் போறேன்."

"எதுக்குப்பா?"

"லெட்டரைத் திருப்பிக் குடுக்கத்தான். நாலு மணிக்குள்ள குடுத்துட்டா கட்டின முன்பணத்துல பாதி கைக்கு வருமாம். அதை அப்படியே அக்கவுண்ட்ஸுக்குக் கட்டிடலாம். நீதானேம்மா எழுதிக் குடுத்தே."

காந்தத்தைத் தள்ளிவிட்டுக் கடிதத்தை எடுத்தார். மடித்து, பெரியவளின் தாளோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பெரியவளுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குளுகுளுவென்று இருந்தது. ஒரு மாதமாக எரிந்த வயிற்றில் யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிய மாதிரி இருந்தது.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்தே சொல்லிட்டேன். அழலை. அழுதிருந்தாக்கூடத் தேவலை. 'அந்தத் தாளைக் காலையில குடுங்க, ஒருதரம் பாக்கணும்'னு மட்டும் சொன்னா."

சொல்லி வாய் மூடவில்லை, ஈரத் தலையோடு சின்னவள் வந்து நின்றாள். கையை நீட்டினாள். அப்பா பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

அவள் சம்பளத்தைப் பார்க்கவில்லை. முதலில் தாளின் கீழ் மூலையைப் பார்த்தாள். அப்புறம் மேல் மூலையை. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"என்னடி தேடறே?" என்றாள் பெரியவள்.

"ஸ்கேலை."

"எதை?"

"மேப்புல ஓரத்துல போட்டிருக்குமே, இத்தனை இஞ்சுன்னா இத்தனை மைல்னு. ரெண்டு மேப்பைப் பக்கத்துல வெச்சுப் பாக்கறதா இருந்தா மொதல்ல அது ரெண்டும் ஒண்ணான்னு பாக்கணும். இல்லேன்னா நம்ம தெரு ஒரு நாட்டை விடப் பெரிசாத் தெரியும்."

"இது மேப் இல்லம்மா. சம்பளம்."

"அதான் கேக்கறேன். இந்த இருபத்திரண்டாயிரம் எந்த வருஷத்துச் சம்பளம்? இந்த நாப்பத்தஞ்சாயிரம் எந்த வருஷத்துச் சம்பளம்? போடலியே."

சரியான இடத்தில்தான் கை வைக்கிறாள் என்று பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்த முகம். அது காட்டிக்கொடுக்கவில்லை.

"எல்லாம் ஒரே வருஷம்தான். நாள் முழுக்க இதே வேலையா இருக்கேன், எனக்கு நீ பாடம் நடத்தறியா?"

"ஏ பூகோளம்!" அப்பா சிரித்துக்கொண்டே தாளைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார். "அக்கா போட்ட கணக்குல என்னிக்காவது தப்பு வந்திருக்கா? சூரியன் மேற்கே உதிச்சாலும் அது நடக்காது."

பூகோளம். இந்தப் பெயரைக் கேட்டாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா அதைச் சொல்லும்போது அவர் முகமே வேறாகிவிடுகிறது. 'ஆடிட்டரம்மா' என்று அவளைக் கூப்பிடும்போது மரியாதை இருக்கிறது, பெருமைகூட இருக்கிறது. ஆனால் வாசலில் யாரோ அதிகாரி வந்து நிற்கிற மாதிரி அல்லவா கூப்பிடுகிறார்.

அந்த வரைபட விவகாரத்தை நான் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போய்விட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் சின்னவள் பெரிய தாள்களை ஒட்டி, சுற்றுவட்டாரத் தெருக்களையெல்லாம் வரைந்தாள். அப்பா ஃபிரிட்ஜ் பழுது பார்த்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் புள்ளி வைத்தாள். கம்ப்ரசர் செத்த வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. தினமும் சாயங்காலம் தகப்பனும் மகளும் அதன் மேல் குப்புறக் கிடப்பார்கள். "அந்தப் பச்சைக் கேட்டு வீடு, பொம்பளை பேரம் பேசியே கொன்னுடுச்சு, அதுக்கு ரெண்டு புள்ளி வை," என்பார் அப்பா. ஒரே சிரிப்பு.

கடைசியில் பார்த்தால் சிவப்புப் புள்ளியெல்லாம் ஒரே பக்கத்துக் கடைசித் தெருக்களில் கொத்துக் கொத்தாக இருந்தது. "இங்க வர்றதுக்குள்ள கரண்டு பலவீனமாயிடுதுப்பா. ஃபிரிட்ஜு மேல குத்தமே இல்லை," என்றாள் சின்னவள். இருபத்தைந்து வருடமாகப் பிடிபடாத விஷயம். அப்பா வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

அன்றைக்குப் பெரியவளும் அங்கேதான் இருந்தாள். சுவரோரமாக உட்கார்ந்து அப்பாவின் பில்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடமாக அவள்தான் கூட்டுகிறாள். ஒரு பில்லைப் பார்த்தும் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

போதாதா?

*

அலுவலகத்தில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. கல்லூரிகள் திறக்கிற மாதம். தண்ணீர்க் குழாய்க்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் சம்பளப் பட்டியல் தொங்குகிறது. எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் வரும் என்று அலுவலகம் வருடா வருடம் திருத்தி மாட்டுகிற பட்டியல் அது. இரண்டு கட்டம். ஒன்று முதல் வருடச் சம்பளம், மற்றது ஐந்தாம் வருடச் சம்பளம்.

அதில் ஜனங்கள் எப்போதும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். தங்களுக்குப் பிடித்த படிப்புக்கு ஐந்தாம் வருடத்தைப் பார்ப்பார்கள். பிடிக்காத படிப்புக்கு முதல் வருடத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வந்து கவுண்டரில் அடம்பிடிப்பார்கள். அதைத் திருத்துவதிலேயே பெரியவளுக்குப் பாதி நாள் போய்விடும்.

பெரியவள் செய்தது அந்தத் தப்பேதான். ஆனால் தெரிந்தே செய்தாள்.

புவியியலுக்கு முதல் வருடம். அக்கவுண்ட்ஸுக்கு ஐந்தாம் வருடம். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எல்லாம் பட்டியலில் உள்ளதுதான். போன வாரம் இதே நாற்காலியில், மதிய இடைவேளையில், அலுவலகத் தாளைக் கிழித்து எழுதினாள். எழுதும்போது பேனா ஓரிடத்தில்கூட நிற்கவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

ஊழியர்கள் சொந்தக்காரர்களின் விண்ணப்பத்தைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் சின்னவளின் ஃபைல் பக்கத்துக் கவுண்டர் நெட்டையரிடம் இருந்தது. ஜாமீன்தாரர் கையெழுத்தும் மேனேஜர் முத்திரையும்தான் பாக்கி.

"என்ன, உங்க வீட்டு ஃபைல் நாலு நாளாத் தூங்குது?" என்றார் நெட்டையர். "தங்கச்சிக்குக் கையெழுத்துப் போட மனசில்லையா?" சும்மா விளையாட்டாகத்தான் கேட்டார்.

"அவ வேற படிக்கப்போறா," என்றாள் பெரியவள். சொன்னதும் காலையில் வயிற்றில் ஊற்றிய குளிர்ச்சி எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? அழவில்லை என்று அப்பா சொன்னாரே, அது வேறு முள்ளாகக் குத்தியது.

பதினெட்டு வயதில் அப்பா, "அக்கவுண்ட்ஸ் படி, நல்லது," என்றார். "சரிப்பா," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கடனை எட்டு வருடம் கட்டினாள். அப்போது தனக்கு என்ன ஆசை இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போயிருந்தால்கூட ஆறியிருக்கும். ஆசைப்படவே தோன்றவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

மணி மூன்று பத்து. டோக்கன் எழுபத்திரண்டு, ஒரு லாரி டிரைவர், மகனுக்காக வந்திருந்தார்.

"பட்டியல்ல பாத்தேங்க. இதுக்கு அறுபது, அதுக்கு முப்பதுதான்."

"நீங்க குறுக்கே பாத்திருக்கீங்கய்யா," என்றாள் பெரியவள், தினமும் நாற்பது தடவை சொல்கிற அதே குரலில். "இதுல அஞ்சாவது வருஷத்தையும் அதுல மொத வருஷத்தையும் பாக்கக் கூடாது. ஒரே கட்டத்துல பாருங்க. அப்பதான் நியாயம்."

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி பட்டியலைப் பார்க்கப் போனார்.

"டோக்கன் எழுபத்தி மூணு. சொல்லுங்க."

"ஒரு விவரம் தெரியணும் மேடம்."

பெரியவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள், டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இங்க?" என்றாள் பல்லைக் கடித்து.

"ஜியாக்ரஃபி படிச்சா மொத வருஷம் எவ்வளவு சம்பளம் மேடம்?"

பின்னால் இருபது பேர். பக்கத்தில் நெட்டையர். மேனேஜர் அறையின் கதவு திறந்தே இருந்தது.

"இருபத்திரண்டாயிரம்."

"அஞ்சாவது வருஷம்?"

பெரியவள் விசைப்பலகையில் எதையோ தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை, வருவதற்கும் ஒன்றும் இல்லை.

"மேடம், அஞ்சாவது வருஷம்?"

"நாப்பத்தோராயிரம்."

"அக்கவுண்ட்ஸுக்கு?"

"மொத வருஷம் இருபத்தாறு. அஞ்சாவது வருஷம் நாப்பத்தஞ்சு."

"அப்ப எந்தக் கட்டத்துல பாத்தாலும் நாலாயிரம்தான் வித்தியாசம். எங்கப்பா பையில ஒரு தாள் இருக்கு. அதுல இருபத்து மூணாயிரம் வித்தியாசம் வருது."

"குறுக்கே பாத்திருப்பீங்கம்மா," என்றார் லாரி டிரைவர், தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்து, ரொம்ப ஆதரவாக. "நானும் இப்பதான் அதே தப்பைப் பண்ணினேன். மேடம் சொல்லிக் குடுத்தாங்க."

பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கை தவறிடுச்சுடி," என்றாள்.

"காது குத்தாதேக்கா." சின்னவளின் வாயிலிருந்த 'மேடம்' காணாமல் போயிற்று. "உனக்குக் கை தவறாது. எனக்குத் தெரியும். கஷ்டம்னு சொல்லியிருக்கலாமே? கஷ்டம்தான். நானும் போட்டுப் பாத்தேன். இருபத்திரண்டுல ஏழு போனா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடும். மொத நாலு வருஷம் மூச்சு முட்டும். நல்ல செருப்பு வாங்கக்கூட யோசிப்பேன். அதெல்லாம் தெரிஞ்சுதான் ஆசைப்பட்டேன். உள்ளதைச் சொல்லி 'வேணாம்'னு நீ சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், இல்லை கேட்டிருப்பேன். ஏன்க்கா பொய்க் கணக்குப் போட்டே?"

பெரியவளின் கண் பின்னால் நின்ற வரிசைக்குப் போனது.

"அப்பா இப்ப காலேஜ் வரிசையில நிக்கறார். நான் சொன்னா நம்ப மாட்டார். நீ சொல்லு. ஸ்பீக்கர்ல போடு. உன் மேல இப்ப எனக்கு நம்பிக்கை இல்லை."

அந்தக் கடைசி வார்த்தை பெரியவளைச் சுட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே விஷயம் அவளிடம் அதுதானே இருந்தது. கணக்கு.

ஃபோனை எடுத்தாள்.

"ஆடிட்டரம்மா!" அப்பாவின் குரல் கவுண்டர் முழுக்கக் கேட்டது. "எனக்கு முன்னால மூணே பேருதான். அஞ்சு நிமிஷத்துல குடுத்துட்டு வந்துடுவேன்."

"குடுக்காதீங்கப்பா. நான் எழுதினது தப்பு."

"எது?"

"அந்தத் தாள்ல இருக்கற கணக்கு. ரெண்டு படிப்புக்கும் ஒரே வருஷத்தைப் போடலை. நிஜத்துல நாலாயிரம்தான் வித்தியாசம்."

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார்.

"அடிப் பைத்தியமே. தங்கச்சி வந்து அழுதாளாக்கும்? பாசத்துல இப்ப மாத்திச் சொல்றே. உன் மனசு எனக்குத் தெரியாதா? அவளுக்காக நீ உன் கணக்கையே தப்புன்னு சொல்லுவே. அப்பா ஏமாற மாட்டேன்மா. ஆபீஸ் தாள்ல, முத்திரையோட எழுதியிருக்கே. அது எப்படித் தப்பாகும்?"

பாருங்கள் கொடுமையை. பொய்யை எழுதினாள், உண்மை என்று பையில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறாள், பாசத்தில் சொல்கிற பொய் என்கிறார். அதுவும் எப்படிப்பட்ட பாசம்!

"இல்லப்பா..."

"ரெண்டு பேருதான் இருக்காங்க. வெச்சிடவா?"

"பாசமெல்லாம் இல்லப்பா!" பெரியவள் கத்தியேவிட்டாள். "பொறாமை! பொறாமையில போட்டேன்! வேணும்னே போட்டேன்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நெட்டையரின் கையில் முத்திரைக் கட்டை அப்படியே நின்றது. சின்னவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபோனில் கல்லூரி வரிசையின் இரைச்சல் மட்டும் கேட்டது. "அடுத்தது யாரு?" என்று ஒரு குரல். "எனக்குப் பின்னால இருக்கறவங்க போகட்டும்," என்றார் அப்பா யாரிடமோ.

அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"எதுலம்மா பொறாமை?"

"நீங்க அவளோட சிரிக்கறீங்கப்பா." பெரியவள் ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "என்கிட்ட கணக்கு மட்டும்தான் கேக்கறீங்க."

அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார். "ஜாமீன் கையெழுத்துப் போடுவியா?" என்றார்.

"போடுவேன்."

"அந்தப் பொறாமை?"

"இருக்குப்பா. போகலை. அதோடதான் போடுவேன்."

"சரி," என்றார் அப்பா. "வரேன்."

*

நெட்டையர் ஃபைலை நீட்டினார். ஜாமீன்தாரர் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. 'இந்தப் படிப்பின் வருமானத்தில் கடனைத் திருப்பிக் கட்ட முடியும் என்று நம்புகிறீர்களா?' பெரியவள் பேனாவை எடுத்தாள். இந்தத் தடவை ஓரத்தில் கணக்குப் போட்டாள். முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாம் வருடம் ஆறில் ஒரு பங்கு. இரண்டுக்கும் பக்கத்தில் வருடத்தையும் எழுதினாள். 'முடியும், ஆரம்பத்தில் சிரமம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சின்னவள் தலைகீழாகவே அதைப் படித்துப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. பெரியவளும் எதிர்பார்க்கவில்லை.

"அந்தத் தாள் நம்ம ஆபீஸ் தாளா?"

மேனேஜரம்மா எப்போது வெளியே வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"ஆமா மேடம்," என்றாள் பெரியவள்.

"முத்திரை போட்ட தாள்ல தப்புச் சம்பளம் எழுதி வெளியில குடுத்தா என்ன ஆகும்னு, இங்க புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க?"

"ஆமா மேடம்."

"வேலை போகும். வேலை போறவங்க ஜாமீனை வெச்சு நான் யாருக்கும் கடன் குடுக்க முடியாது. ஃபோன்ல பேசினதை வெச்சு நான் எதுவும் முடிவு பண்ண மாட்டேன், அது உங்க வீட்டு விஷயம். ஆனா அந்தத் தாளை நான் கண்ணால பாக்கணும். உங்கப்பா வரட்டும்." ஃபைலை எடுத்து மூடிக் கையில் வைத்துக்கொண்டார். முத்திரை விழவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபத்தைந்து. இங்கிருந்து கல்லூரிக்குப் பத்து நிமிட ஓட்டம். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

மூன்று முப்பத்தெட்டுக்கு அப்பா வந்தார். கருவிப் பை தோளில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடி வந்திருக்கிறார். நேரே கவுண்டருக்கு வந்து பெரியவளைப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேனேஜரம்மா முன்னால் வந்துவிட்டார்.

"உங்க பொண்ணு எழுதிக் குடுத்த தாளை இப்படிக் குடுங்க."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. சின்னவளின் கல்லூரிக் கடிதத்தை எடுத்தது. அதைச் சின்னவளிடம் கொடுத்தது. மறுபடி பைக்குப் போகவில்லை.

அவர் மேனேஜரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் கையிலிருந்த, மூடிய ஃபைலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் முகம் வெளுத்து நின்ற பெரியவளையும் பார்த்தார். இருபத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டுப் பழுதைக் கண்டுபிடித்தவர். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எந்தத் தாளும்மா?" என்றார்.

ஒரு கம்ப்ரசருக்குக்கூட ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதர். பில் புத்தகம் முழுக்கக் கூட்டிப் பார்த்தவளுக்குத் தெரியாதா? அவர் பொய் சொல்லிப் பெரியவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அதுவும் அவளுக்காக.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு அல்பச் சந்தோஷமும் வந்தது. இப்படி ஒரு பொய்யை அப்பா சின்னவளுக்காக என்றைக்காவது சொல்லியிருப்பாரா என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது. என்ன செய்வது, அவள் அப்படித்தான்.

ஆனால் வெயிலில் ஓடி வந்த சட்டை நனைந்து உள்ளே இருப்பதைக் காட்டியது. டெஸ்டருக்குப் பின்னால், நாலாக மடித்த தாளின் மேல் ஓரத்தில், அலுவலக முத்திரை பாதி தெரிந்தது.

பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள். சின்னவளும் பார்த்துவிட்டாள். மேனேஜரம்மா பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. அவர் மெல்லச் சின்னவள் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியாம்மா அந்தத் தாளை?"

மணி மூன்று நாற்பத்தொன்று. எந்த மேப்பைக் கொடுத்தாலும் முதலில் ஸ்கேல் சரியா என்று பார்க்கிற பெண், தன்னை ஏமாற்றிய அக்காவை, அந்தக் கையெழுத்துக்குப் பிறகு முதல் முறையாக, நிமிர்ந்து பார்த்தாள்.